தண்டுக்கு வந்த சுங்கான்

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு அன்பர்கள் பணித்தனர். அல்சூர்ச் சோமேசுவரர் ஆலயத்தைப் பற்றி எழுதலாமென்று முதலில் எண்ணினோம். அதனை எழுத எம்மினும் வல்லார் பலர் உளர், எழுதியும் உள்ளனர். அப்போது எம் வீட்டுப் பரணில் கிடக்கும் டிரங்குப் பெட்டி நினைவுக்கு வந்தது. எம் பாட்டனார் விட்டுச் சென்ற பெட்டி அது. பழுப்பேறிய நற்சான்றுச் சிட்டுகள் சில, பித்தளைப் பொத்தான்கள் சில, அவற்றின் அடியில் பழந்துணியில் சுற்றிய சுங்கான்கள் இரண்டு. சென்ற பொங்கலுக்கு வந்திருந்த எம் தங்கை மகன் அவற்றுள் ஒன்றை எடுத்து வாயில் பொருத்திப் பார்த்துக்கொண்டு, “கொள்ளுத் தாத்தா பைப்புப் பிடிப்பாரா, மாமா?” என்று கேட்டான்.

பிடித்ததில்லை. தம் வாழ்நாளில் ஒரு முறையேனும் அவர் சுங்கானைப் புகைத்ததில்லை. தண்டில் ஓர் அதிகாரியின் பங்களாவில் பல்லாண்டுகள் ஊழியம் செய்தவர் அவர். சுங்கானைத் துடைத்தார், நிரப்பினார், நீட்டினார். அவ்வளவே. மர்பி டவுனில் இத்தகைய பாட்டனார் ஒருவர் இருவர் அல்லர். சுங்கானின் வரலாற்றை எழுதுவோர் அதைப் புகைத்தவரின் வாயிலிருந்து தொடங்குவது வழக்கம். யாம் அதைத் துடைத்தவரின் கையிலிருந்து தொடங்க விரும்புகின்றோம்.

சுங்கான் என்பது அகராதியில் இடம்பெற்ற சொல். நம் பேட்டையில் அதனைப் பைப்பு என்றே வழங்குவர்; இரண்டையும் கலந்தே ஈண்டு எழுதுவோம். புகையிலை நம் நாட்டுப் பயிரன்று. அமெரிக்காவில் தோன்றிப் போர்ச்சுக்கீசியர் வழியாக இங்கே வந்தது. அசத் பேக் என்னும் அலுவலர் 1604-ஆம் ஆண்டளவில் பீஜப்பூரிலிருந்து புகையிலையையும் மணிகள் இழைத்த நீண்ட புகைக்குழாய் ஒன்றையும் கொணர்ந்து அக்பரின் முன் வைத்ததாகத் தாமே எழுதியுள்ளார். பேரரசர் ஓரிரு முறை இழுத்துப் பார்த்தார். அரண்மனை மருத்துவர் தடுத்தார். 1617-இல் ஜகாங்கீர் புகையிலையை விலக்கி ஆணையிட்டார். ஆணை நின்றதா, புகையிலை நின்றதா என்பதை நாடறியும்.

தமிழர் இந்த இலையைத் தம் வழியில் ஏற்றனர். வெற்றிலையோடு சேர்த்து மென்றனர், பொடியாக்கி மூக்கில் இட்டனர், சுருட்டிப் புகைத்தனர். சீனிச்சர்க்கரைப் புலவர் பழனி முருகனிடம் புகையிலையையே தூதாக விடுத்து ஒரு நூல் பாடினார், அதனை உ. வே. சாமிநாதையர் பதிப்பித்தார். திருச்சியும் திண்டுக்கல்லும் சுருட்டால் புகழ் பெற்றன. ஆங்கிலேயர் அப்பொருளை மட்டுமன்றிப் பெயரையும் எடுத்துச் சென்றனர். செரூட் என்னும் அவர்தம் சொல் நம் சுருட்டே. 1887-இல் வெளிவந்த ஷெர்லாக் ஹோம்ஸின் முதற் கதையில், அறையில் சிந்திய சாம்பலைக் கண்டு அது திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் சாம்பல் என அத்துப்பறிவாளர் கூறுகின்றார். ஆனால் சுங்கான் மட்டும் நம்மிடையே வேர் கொள்ளவில்லை. சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டையில் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது புகைக்குழாய்கள் கிடைத்தன. அவை கோட்டைக்குள் இருந்த வெள்ளையரின் உடைமைகள். கோட்டைச் சுவருக்கு வெளியே சுருட்டு, உள்ளே சுங்கான் என்று இருந்தது போலும்.

ஆனால் புகைக்கருவியைப் பேணும் வேலை தொடக்கத்திலிருந்தே நம்மவர் கையில்தான் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் கும்பினி துரைமார் ஹூக்காப் பிடித்தனர். அதன் நீரை மாற்றவும், தணலை ஊதவும், குழலைத் துலக்கவும் ஹூக்காபர்தார் என்று தனி ஊழியர் ஒருவர் இருந்தார். 1779-இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் தம்பதியர் கல்கத்தாவில் அனுப்பிய விருந்தழைப்பு ஒன்றில், ஹூக்காபர்தாரைத் தவிர வேறு பணியாளரை உடன் அழைத்து வர வேண்டாமென்று விருந்தினரைக் கேட்டுக்கொண்டனர். மற்றவர் இல்லாமல் விருந்து நடக்கும். அவர் இல்லாமல் நடவாது!

பெங்களூரில் ஆங்கிலேயர் தண்டு அமைத்தது 1809-இல். படையோடு சென்னை மாகாணத் தமிழரும் வந்தனர்: சிப்பாய், சமையற்காரர், வண்ணார், குதிரைக்காரர், தோட்டக்காரர். தம்பிகள் என்று அன்போடு அழைக்கப்படும் சென்னைச் சாப்பர்கள் 1834 முதல் அல்சூரை நிலையமாகக் கொண்டனர். அக்காலத்து வெள்ளையர் புகைத்தது பெரும்பாலும் களிமண் சுங்கானும் சுருட்டுமே. களிமண் சுங்கான் எளிதில் உடையும், கைக்குச் சுடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சு நாட்டின் சேன்-கிளோது என்னும் ஊரில் பிரையர் என்னும் புதரின் வேர்முண்டைக் கடைந்து சுங்கான் செய்யத் தொடங்கினர். மத்தியதரைக் கடலோரத்தில் வறண்ட மலைச்சரிவில் வளரும் செடி அது. அதன் வேர்முண்டை மணிக்கணக்கில் கொதிக்கவைத்து, மாதக்கணக்கில் உலர்த்துவர், பின்னரே கடைவர். அது தீயில் எளிதில் கருகாது, ஈரத்தை உறிஞ்சும், கையில் கனக்காது. நம் பெட்டிகளில் கிடப்பவை பெரும்பாலும் இவையே.

1896-இல் இளம் அதிகாரியாகப் பெங்களூருக்கு வந்த வின்ஸ்டன் சர்ச்சில் தம் பங்களா வாழ்க்கையை விரித்து எழுதியுள்ளார். ஒவ்வோர் அதிகாரிக்கும் ஒரு பட்லர். உடை எடுத்து வைக்க டிரெஸ்ஸிங் பாய் ஒருவர், அவருக்குத் துணையாக இன்னொருவர். குதிரை ஒன்றுக்கு ஒரு குதிரைக்காரர். பொதுவில் தோட்டக்காரர் இருவர், தண்ணீர் சுமப்போர் மூவர், வண்ணார் நால்வர், காவற்காரர் ஒருவர். கணக்கு மிகத் துல்லியம். ஆனால் அந்தப் பட்டியலில் நிற்பவை தொழிற்பெயர்களே. அவர் பெங்களூர்க் கிளப்புக்குச் செலுத்தாது விட்ட 13 ரூபாய் பாக்கியைக் கிளப்பார் இன்றும் ஏட்டில் காட்டிப் பெருமைப்படுகின்றனர். அந்த இரண்டு டிரெஸ்ஸிங் பாய்களின் பேரப்பிள்ளைகள் இன்று எந்தத் தெருவில் இருக்கின்றனரோ! (சர்ச்சில் சுருட்டுப் பிரியர், சுங்கானுக்குரியவரல்லர். ஆயினும் சாம்பல் தட்டைக் கழுவியவர் ஒருவர் இருந்திருப்பாரன்றோ?)

முதல் உலகப் போரின்போது நடந்த ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1914-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸுக்கு இளவரசி மேரியின் பெயரால் படையினருக்குப் பித்தளைப் பெட்டி ஒன்று வழங்கப்பட்டது. புகைபிடிக்கும் ஆங்கிலச் சிப்பாயின் பெட்டியில் சுங்கான் ஒன்று, புகையிலை ஒரு பொட்டலம், சிகரெட்டு, தீமூட்டி ஆகியன இருந்தன. கூர்க்காக்களுக்கும் அதே பரிசு. சீக்கியருக்குக் கற்கண்டும் மசாலாப் பெட்டியும். ஏனைய இந்தியப் படையினருக்குச் சிகரெட்டும் கற்கண்டும் மசாலாவும். தண்ணீர் சுமப்போர் முதலிய பின்தொடர் ஊழியருக்கு மசாலாப் பெட்டி மட்டும். யாருக்கு எது என்பதை அங்கே லண்டனில் வரிசைப்படுத்தித் தீர்மானித்திருக்கின்றனர். அந்த வரிசையில் சுங்கான் தமிழனுக்கு வரவில்லை. இதை மனக்குறையாகச் சொல்லவில்லை. சுங்கான் இல்லாதது உடலுக்கு நன்மையே. ஆனால் ஒரு பொருள் எவ்வாறு பதவியின் அடையாளமாக நின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று யாம் கண்டதில்லை.

முன்பு நாக்ஸ்பேட்டை என வழங்கிப் பின்னர்ப் பொறியாளர் மர்பியின் பெயரைப் பெற்ற நம் ஊர், தண்டுக்கு உழைத்தவர்கள் குடியிருந்த ஊர். பகலெல்லாம் பங்களாவில் பளபளக்கும் பொருள்களோடு பழகி, இரவில் சிறு வீட்டுக்குத் திரும்பியவர்கள் நம் முன்னோர். 1947-இல் துரைமார் கப்பலேறியபோது சிலர் நாற்காலி தந்தனர், சிலர் கடிகாரம் தந்தனர், சிலர் சிட்டு மட்டும் தந்தனர். எம் பாட்டனாருக்குக் கிடைத்தவை இரண்டு சுங்கான்கள். அவர் அவற்றை விற்கவுமில்லை, புகைக்கவுமில்லை. ஆண்டுக்கொரு முறை, ஆயுத பூசைக்கு முந்திய நாளில், எடுத்துத் துடைத்து மீண்டும் சுற்றி வைப்பார். ஏன் என்று யாம் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

1973-இல் ‘கௌரவம்’ திரைப்படம் வெளிவந்தது. பாரிஸ்டர் ரஜினிகாந்தாகச் சிவாஜி கணேசன் சுங்கானைப் பற்களிடையே கடித்துக்கொண்டு நடந்த நடையைக் கண்டு மயங்காத இளைஞர் அந்நாளில் இல்லை. யாமும் மயங்கினோம். பாட்டனாரின் பெட்டியைத் தொட அஞ்சி, கடைத்தெருவில் சுங்கான் ஒன்றை வாங்கி வந்தோம். கண்ணாடிபோல் மின்னியது; அதற்காகவே வாங்கினோம். மறைத்து வைத்திருந்தும் பாட்டனார் கண்டுகொண்டார். சினம் கொள்வாரென்று நடுங்கி நின்றோம். அவரோ சுங்கானை வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஏமாந்துட்டே தம்பி. இது மரமில்லே, வார்னீசு” என்றார். அன்று திண்ணையில் அவர் சொன்னவற்றைக் கூடியவரை அவ்வாறே கீழே தருகின்றோம். பின்னாளில் நூல்களில் படித்தபோதும் அவற்றில் பிழை காணவில்லை.

கடினமான வார்னீசு பூசிய கிண்ணத்தில் வெப்பம் வெளியேற வழியின்றிக் கொப்புளம் எழும். பூச்சுக்கு அடியில் ஓட்டைகளை மாக்கட்டியால் அடைத்திருப்பர். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மரவரி ஓடாத திட்டு தென்படும். அவ்விடம் முதலில் கருகும். அடுத்து, கிண்ணத்தின் உள்ளே பார்க்க வேண்டும். புகைத்துளை கிண்ணத்தின் அடிமட்டத்தில், நடுவில் வந்து திறக்க வேண்டும். மேலே ஏறியிருந்தால் அடியில் ஈரப் புகையிலை தங்கிக் கசக்கும்; கீழே தாழ்ந்திருந்தால் அடி துளைந்துபோகும். வாய்க்குழலின் வழியே மெல்லிய கம்பியை விட்டால் கழற்றாமலே கிண்ணம் வரை தடையின்றிச் செல்ல வேண்டும். வளைந்த குழலில் இது பெரும்பாலும் நடவாது. ஆகவே புதிதாகத் தொடங்குபவனுக்கு நேர்குழலே தக்கது என்பார். கிண்ணத்தின் சுவர் எங்கும் ஒரே கனமாக இருக்க வேண்டும். பல்லில் பிடித்தால் தாடை வலிக்கக் கூடாது. விலையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. விலை பார்த்துப் பழகியவரல்லர் அவர்.

எம் சுங்கான் மூன்று வாரத்தில் அடிக்கருகியது. அதற்கு வார்னீசு மட்டும் காரணமன்று, யாமும் காரணம். புதுச் சுங்கானை முதல் நாளே நிரம்ப அடைத்து, ரயில் எஞ்சின்போல் இழுத்தோம். முதற் சில முறை மூன்றிலொரு பங்கும், பின்னர்ப் பாதியும், அதன் பின்னரே முழுவதும் நிரப்ப வேண்டும். அடியில் தளர்வாகவும் மேலே செல்லச்செல்லச் சற்று அழுத்தமாகவும் இட வேண்டும். முதலில் மூட்டிய தீ புகையிலையை மேலே எழுப்பும். அதைத் தட்டையாக அழுத்தி மீண்டும் மூட்ட வேண்டும். பிறகு மூச்சு விடுவது போல மெல்ல இழுக்க வேண்டும். கிண்ணம் கையில் சுட்டால் நிறுத்தி ஆறவிட வேண்டும். விரைந்து இழுப்பவனுக்கு நாக்கு வெந்துபோகும், சுங்கானும் வெந்துபோகும். இவ்வாறு பழக்கினால் கிண்ணத்தின் உட்சுவரில் மெல்லிய கரிப்படலம் படியும். அதுவே மரத்துக்குக் கவசம். ஆனால் கவசம் தடிக்க விடலாகாது. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் போதும். மிகுந்தால் சூட்டில் மரத்தினும் விரைவாக விரிந்து கிண்ணத்தைப் பிளக்கும். கூர்க்கத்தியால் சுரண்டலாகாது. மழுங்கிய கத்தியால் சுற்றிச் சுற்றி மெல்லச் சீவ வேண்டும்.

துடைக்கும் முறையைச் சொல்லும்போது பாட்டனாரின் குரலே மாறியது. “சூடா இருக்கறப்போ கழுத்தைத் திருகாதே” என்பது முதற் கட்டளை. சூட்டில் மரமும் குழலும் ஒரே அளவாக விரியா. திருகினால் இணைப்பு நொறுங்கும். ஆறிய பின்னரும் இழுக்கலாகாது. ஒரே பக்கமாகத் திருகிக் கழற்ற வேண்டும். சாம்பலை நீக்க மேசை விளிம்பில் தட்டலாகாது. எத்தனை சுங்கான்கள் இந்தத் தட்டலால் கழுத்தொடிந்தன என்று துரைமாருக்குத் தெரியாது, ஒட்டிக் கொடுத்தவருக்குத் தெரியும் என்று சிரித்தார். பஞ்சு சுற்றிய கம்பி கடையில் கிடைக்காதபோது கோழி இறகையோ, நுனியில் பஞ்சு சுற்றிய துடைப்ப ஈர்க்கையோ விட்டுக் குழலைத் துடைப்பாராம். தண்ணீரில் கழுவலாகாது. நாற்றம் மிகுந்தால் கிண்ணத்தில் உப்பை நிரப்பிச் சாராயத்தைச் சில துளி விட்டு ஓர் இரவு வைத்தால் உப்பு கறையை இழுத்துப் பழுப்பாகும். கொட்டிவிட்டு நன்றாக உலர்த்த வேண்டும். ஒருமுறை புகைத்த சுங்கானுக்கு ஒரு நாளேனும் ஓய்வு வேண்டும். அதனால்தான் துரைமார் ஆளுக்கு ஆறேழு வைத்திருந்தனர்.

கருங்குழல் வல்கனைட்டு என்னும் கந்தகம் கலந்த கெட்டி ரப்பரால் ஆனது. வெயிலிலும் காற்றிலும் கிடந்தால் பச்சை கலந்த பழுப்பாகிக் கசக்கும். துடைத்தபின் ஒரு துளி எண்ணெய் தடவி நிழலில் வைப்பர். பெங்களூரின் மழைக்காலத்தில் பூட்டிய பெட்டிக்குள் பூஞ்சை பிடிக்கும்; ஆகையால்தான் ஆண்டுக்கொரு முறை அவர் பெட்டியைத் திறந்தார் என்று இப்போது எண்ணுகின்றோம். வெள்ளை மீர்ஷாம் சுங்கான் யாரிடமேனும் இருந்தால் அதன் முறை வேறு. துருக்கி நாட்டு எஸ்கிஷெகிரில் கிடைக்கும் மென்கல்லைச் செதுக்கி மெழுகேற்றியது அது. அதற்குக் கரிக்கவசம் வேண்டா. சூடான கிண்ணத்தை விரலால் தொடவும் கூடாது, கறை படியும்.

இத்தனையும் எழுதியது தங்கை மகன் புகைக்கத் தொடங்குவதற்காக அன்று. எம் தந்தையார் சிகரெட்டுப் பிடித்தவர். நம் பேட்டைக்கு எட்டிய தொலைவிலேயே 1913-இல் இம்பீரியல் புகையிலைக் கம்பெனியின் சிகரெட்டுத் தொழிற்சாலை எழுந்ததும், நிரப்பவும் துடைக்கவும் ஆள் வேண்டாத சிகரெட்டு சுங்கானை ஓரங்கட்டியதும் வேறொரு வரலாறு. தந்தையார் தொண்டைப் புற்றால் மறைந்தார். சுங்கானின் புகையை உள்ளிழுப்பதில்லை, ஆகவே தீங்கில்லை என்று பலர் கூறுவதுண்டு. அது தவறு. சுங்கான் பிடிப்போர்க்கு உதட்டுப் புற்று வருமென்பதை 1964-ஆம் ஆண்டிலேயே அமெரிக்கத் தலைமை மருத்துவரின் அறிக்கை நிறுவிவிட்டது; வாய், தொண்டை, உணவுக்குழாய், நுரையீரல் ஆகியவற்றுக்கும் தப்பில்லை என்பது இன்று தெளிவு. சட்டமும் மாறிவிட்டது. 2008 முதல் பொது இடங்களில் புகைத்தல் குற்றம். கருநாடக அரசு 2024-இல் ஹூக்காவைத் தடை செய்தது. 2025 முதல் இம்மாநிலத்தில் 21 வயது நிரம்பாதவருக்குப் புகையிலை விற்கலாகாது. ஹேஸ்டிங்ஸின் விருந்துக்கு இன்று ஹூக்காபர்தார் வந்தால் வாசலிலேயே பிடித்துக்கொள்வர்!

மருகனுக்கு இவற்றைச் சொன்னோம். “அப்படியானால் இதைத் தூக்கி எறிந்துவிடலாமா, மாமா?” என்றான். எறிய வேண்டா என்றோம். புகைப்பதற்காக அன்றி, துடைப்பதற்காக ஒரு சுங்கானை வைத்திருக்கலாம். இருவரும் திண்ணையில் அமர்ந்து கழற்றினோம். ஒன்றின் கழுத்து ஆண்டுகள் பலவானதால் இறுகியிருந்தது. வலிந்து திருகாமல் இணைப்பில் எண்ணெய் விட்டு மறுநாள் வரை காத்திருந்து எடுத்தோம். உள்ளே கரிப்படலம் எங்கும் ஒரே அளவாக, சீராகச் சீவப்பட்டிருந்தது. பிளவில்லை, கருகலில்லை. எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஒருவர் செய்த வேலை அப்படியே நின்றது. அவருக்குத் தரப்பட்ட சிட்டில் ‘நேர்மையானவர், சுறுசுறுப்பானவர்’ என்று இரண்டு சொற்கள் உண்டு. இந்த வேலையைப் பற்றி ஒரு சொல் இல்லை.

நம் சங்க அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பெட்டி இருக்கும். சுங்கானாக இருக்கலாம், மீசைச் சீப்பாக இருக்கலாம், வெள்ளி பூசிய தட்டாக இருக்கலாம். அதன் பக்கத்தில் ஒரு காகிதத்தில் அதைத் துடைத்தவர் பெயரையும், அவர் வேலை பார்த்த பங்களா எந்தச் சாலையில் இருந்தது என்பதையும், நினைவிருக்கும் ஆண்டையும் எழுதி வையுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். அடுத்த ஆண்டு விழாவில் மண்டபத்தின் ஒரு மூலையில் மேசையிட்டு இப்பொருள்களைப் பெயர்களோடு வைக்கலாமென்று செயற்குழுவிடம் கேட்டிருக்கின்றோம். எம் பாட்டனாரின் இரண்டு சுங்கான்களும் துடைத்துத் தயாராக உள்ளன. அவற்றுக்கான காகிதத்தில் பங்களா இருந்த சாலையின் பெயர்தான் இன்னும் எழுதப்படவில்லை. எம் அத்தையார் ஒருவர் தூத்துக்குடியில் இருக்கின்றார். அவருக்குக் கடிதம் எழுதியிருக்கின்றோம்.